சிவப்புப் படகு மேலே வந்த நான்கு நிமிடம்

ஊரில் இருந்து கொண்டுவந்த வீடியோ ரேப், அதாவது ஒளிநாடா, கனடாவில் ஓடாது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் குடும்பங்கள் பலவும் இதைக் கண்டு ஒருமுறை திகைத்திருக்கின்றன. கலியாண ரேப்பை உடுப்புகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து இங்கே வாங்கிய வீடியோ டெக்கில் போட்டால், பொம்பிளையும் மாப்பிள்ளையும் சாய்ந்த கோடுகளாக உருண்டுகொண்டே இருப்பார்கள். ரேப் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழுதவர்களையும் எனக்குத் தெரியும். ரேப்பில் ஒரு பிழையும் இல்லை. ரீவியில் தெரியும் படம் முழுவதும் கோடுகளால் ஆனது. ஊரில் ஒரு படத்துக்கு 625 கோடு, ஒரு செக்கனுக்கு 25 படம். இங்கே 525 கோடு, செக்கனுக்கு 30 படம். கணக்கு வேறு என்பதால் இங்கத்தைய டெக்குக்கு அந்தப் படத்தை வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அதை மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்தேன். பல நாட்டு ரேப்பும் ஓடக்கூடிய டெக் ஒன்று, மாற்றும் பெட்டி ஒன்று, இங்கத்தைய டெக் இரண்டு, ஒரு ரீவி. அந்தப் பெட்டி ஒரு படத்தை முழுதாக வாங்கி நினைவில் வைத்துக்கொள்ளும். நூறு கோடுகளைக் குறைக்கும். ஐந்து படங்களை ஆறாக நிரவி வெளியே விடும். ஒவ்வொரு செக்கனும் அது இப்படிச் செய்துகொண்டே இருக்கும். ஏழு வருடமாகப் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

இதை நான் விளக்கத் தொடங்கினால் வாடிக்கையாளர்கள் "எப்ப தருவியள்?" என்று கேட்டுப் பேச்சை வெட்டிவிடுவார்கள். கடைசிவரை கேட்டவர் ஜெயரட்ணம் அண்ணை மட்டும்தான். அவர் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினார். மூன்றாவது கட்டடத்தில் பத்தொன்பதாம் மாடியில் வீடு. வேலை இல்லாத நாட்களில் என்னிடம் வந்து இருப்பார்.

முதல் நாள் என் விளக்கத்தைக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்ப அலெக்ஸாண்டர், உம்மட பெட்டியும் ஒரு லொக்தான்."

"என்ன லொக் அண்ணை?"

"இங்கிலாந்தில கால்வாயில இருக்கிற லொக். மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி. படகு கீழ நிக்குது. அதை மேல ஏத்த வேணும். என்னண்டு ஏத்துவீர்?"

"கிறேன் வைச்சுத் தூக்கலாம்."

"கிறேனும் இல்லை, மோட்டரும் இல்லை. ஒரு பொம்பிளை தனிய நிண்டு ஏத்துவா. பாரும்." என் தேநீர்க் கோப்பையை எடுத்து நடுவில் வைத்தார். "இது நடுத் தொட்டி. கீழ்ப்பக்கம் ஒரு கதவு, மேல்பக்கம் ஒரு கதவு. கீழ்க் கதவைத் திறந்து படகை உள்ள விட்டுக் கதவைச் சாத்துவா. பிறகு மேல்கதவில இருக்கிற, தண்ணி விடுற சின்னத் துருசைத் திறப்பா. எங்கட குளத்துத் துருசு மாதிரித்தான். மேல் தண்ணி தானாத் தொட்டிக்குள்ள வரும். தண்ணி ஏற ஏறப் படகும் ஏறும். தண்ணிமட்டம் ரெண்டும் சமனா வரும் வரைக்கும் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அந்தக் கதவு அசையாது. சமன் வந்த உடன அவ முதுகால சாய்ஞ்சு ஒரு தள்ளு. அவ்வளவு பெரிய கதவு, பூப்போலத் திறக்கும்."

"ஆர் அண்ணை அந்தப் பொம்பிளை?"

அப்படித்தான் 'ஹாட்லோஸ் லொக்' என்ற நாடகத்தைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகம். பதின்மூன்று வாரம். 1983இல் கொழும்பில் இருந்து ஒளிபரப்பினார்களாம், வியாழன் பின்னேரங்களில். திருமதி ஹாட்லோ என்ற விதவை கால்வாயோரம் கதவு காக்கிறாள். இடது கையில் சுட்டுவிரல் இல்லை. கால்வாயை மூடப்போகிறார்கள். கடைசி வாரம் கடைசிப் படகு வருகிறது. அதை ஓட்டி வருகிறவன் சண்டை பிடித்துக்கொண்டு போன அவளுடைய மகன்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசேல்லை," என்பார் அண்ணை. "அவ துருசைத் திறக்கிறா. தண்ணி ஏறுது. நாலு நிமிசம் முழுக்கத் தண்ணி ஏறுறதைத்தான் காட்டினவங்கள். பாட்டு இல்லை, கதை இல்லை, தண்ணிச் சத்தம் மட்டும். படகு ஏறி ஏறி வர அவன்ர முகமும் ஏறி வரும். மேல வரேக்கை தாயும் மகனும் ஒரே மட்டத்தில நிப்பினம். சிவப்புப் படகு. கோயில் மதில்ல வரி அடிப்பினமே, அந்தச் சிவப்பு."

நான் இதை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். தண்ணீர் ஏறும் இடம் வந்ததும் அவருடைய உள்ளங்கை மெதுவாக மேலே எழும். ஒவ்வொரு தடவையும் அதே வேகம்.

சிக்கல் என்னவென்றால், அந்த நாடகத்தைப் பார்த்ததாகச் சொல்ல வேறு ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் என் கடைக்கு வந்து போனார்கள். எல்லாரிடமும் கேட்டேன். 1983 என்றதும் அவர்களுக்கு நினைவில் இருப்பது ஆடிக் கலவரம் போன்ற வேறு விஷயங்கள். அண்ணையின் மனைவி ரதி அக்காவும் கையை விரித்துவிட்டார்.

1996 ஒக்ரோபரில் அவர்களின் மகள் நிலாணி தனியாகக் கடைக்கு வந்தாள். இருபத்துநான்கு வயது. வங்கியில் வேலை.

"அங்கிள், அப்பா உங்களுக்கும் அந்த ட்ராமாவைச் சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர். ஏன் பிள்ளை?"

"இந்த மாசம் மட்டும் ரெண்டு தரம் அடுப்பை நிப்பாட்டாமல் வெளிய போயிட்டார். ஒருநாள் வேலையால வந்து பதினெட்டாம் மாடியில இறங்கி ஆரின்ரயோ கதவைத் திறக்கப் பாத்திருக்கிறார். டொக்டர் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு மெமரி ரெஸ்ற் புக் பண்ணித் தந்தவர். இவர் வரமாட்டன் எண்டுறார். எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு, ஹாட்லோஸ் லொக்கில ஒவ்வொரு சீனும் சொல்லுவன் எண்டுறார். நான் லைப்ரரியில போய்ப் பாத்தனான் அங்கிள். பிரிட்டிஷ் ரீவி பற்றி இவ்வளவு தடிச்ச புக். அதில அப்பிடி ஒரு ட்ராமாவே இல்லை. இட்ஸ் நொட் தெயர். அவர் அதைத் தானே உண்டாக்கிப்போட்டார் போல."

அடுத்த கிழமை அண்ணை வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மகள் சொல்லுறாள், அப்பிடி ஒரு நாடகம் இல்லையாம்."

"புத்தகத்தில இல்லாட்டி இல்லையெண்டு ஆகுமோ அண்ணை? அந்தக் காலத்தில ரேப் விலை. ஒருக்கா ஒளிபரப்பிப்போட்டு அதை அழிச்சு, மேல வேற பதியிறது வழக்கம். அப்பிடி எத்தினையோ அழிஞ்சு போச்சுது."

"உது உம்மட நல்ல மனம்." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நான் அடுப்புக்குப் பயப்பிடேல்லை அலெக்ஸாண்டர். அடுப்பை ஆரும் மறப்பினம். ஆனா அந்தப் படகை நான் பாக்கேல்லை எண்டால், வேற என்னத்தையெல்லாம் நான் பாக்கேல்லை? என்ர தம்பி கடைசியா வந்து வாசல்ல நிண்டவன். அதைப் பாத்தனானோ? உமக்கு இதெல்லாம் சொல்லுறனே, இதுவும் நடந்ததோ?"

அவருடைய கோப்பையை வாங்கி மறுபடி தேநீர் ஊற்றினேன்.

நவம்பர் தொடக்கத்தில் கந்தப்போடி என்று மட்டக்களப்புக்காரர் ஒருவர் தன் கலியாண ரேப்பைக் கொண்டுவந்தார். 1985இல் நடந்த கலியாணம். மூன்று மணித்தியால ரேப். கலியாண ரேப் மாற்றும்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் காரில் ஏறியதும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு எதுவும் இருக்காது. அன்றைக்கு முன்கடையில் அரிசி மூட்டை இறக்கினார்கள். கை கொடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கார் போய், கலியாணம் முடிந்து, ரேப் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு கை. கறுப்பு வெள்ளையில், பல்லுச் சக்கரம் ஒன்றை இரும்புப் பிடியால் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் 'கிளிக், கிளிக்' என்றது. இடது கை. சுட்டுவிரல் இல்லை.

நின்ற இடத்திலேயே நின்றேன்.

இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு ரேப்பில் புதிதாகப் பதிந்தால் பழையது அழியும். ஆனால் புதியது எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அழியும். மூன்று மணித்தியால ரேப்பில் கலியாணம் இரண்டே முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டால், மிச்சக் கால் மணித்தியாலத்தில் பழையது அப்படியே கிடக்கும். கலியாணக்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை. கார் போனதும் அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் ஏறியது. பாட்டு இல்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடமும் சில செக்கனும். ஓர் இளைஞனின் தொப்பி தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண். பதின்மூன்று வருடத்துக்கு முன் இதை ஒரே ஒரு தடவை பார்த்த ஜெயரட்ணம் அண்ணையின் உள்ளங்கை எந்த வேகத்தில் எழுந்ததோ, அதே வேகத்தில் அந்தப் படகு எழுந்துகொண்டிருந்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் ரேப்பை நிறுத்தினேன். பழைய ரேப்பை வீணாகத் தேய்க்கக்கூடாது.

ஒன்று மட்டும் உறுத்தியது. படகு சிவப்பு என்று அண்ணை சொல்லியிருந்தார். படம் கறுப்பு வெள்ளை. அதே ரேப்பில், அதே டெக்கில் கலியாணம் நல்ல நிறத்தில் ஓடியிருந்தது. ஆகவே டெக்கில் பிழை இல்லை, நாடகமே கறுப்பு வெள்ளைதான் என்று முடிவு கட்டினேன். என் பிழை அந்த இடத்தில்தான் இருந்தது.

கந்தப்போடியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "எங்கட ரேப்பில இங்கிலீசு நாடகமா? பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க," என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கூப்பிட்டதால், அண்ணை வீட்டார் மூன்று பேரும் வந்தார்கள். ஜெயரட்ணம் அண்ணை இஸ்திரி போட்ட சேட்டு அணிந்திருந்தார். நிலாணி கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். ரதி அக்கா அரிசி மூட்டை ஒன்றில் இருந்துகொண்டு, "இவருக்கு உது எண்டால் சோறும் வேண்டாம்," என்றார்.

ரேப்பை ஓட விட்டேன்.

கை வந்ததும் நிலாணி இரண்டு அடி முன்னே வந்தாள். "ஓ மை கோட். விரல்." தண்ணீர் ஏறத் தொடங்கியபோது அண்ணையின் உள்ளங்கை முழங்காலில் இருந்து தானாக எழுந்தது. திரையில் தண்ணீரும் இங்கே கையும். நிலாணி திரையைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தாள். மகனின் கண்ணும் தாயின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவள் முதுகைச் சாய்த்தாள். கதவு திறந்தது.

"அப்பா, ஐ ஆம் சொறி," என்றாள் நிலாணி. "நான் உங்களை நம்பேல்லை."

அவர் முகம் மலரவில்லை. கை காற்றிலேயே நின்றது.

"படகு சிவப்பு," என்றார்.

"இது பிளாக் அண்ட் வைட் அப்பா. அது பரவாயில்லை..."

"நான் சிவப்பாத்தான் பாத்தனான்."

"பதின்மூண்டு வருசம் அண்ணை," என்றேன். "ஆருக்கும் ஒரு நிறம் மாறும்."

"நிறம் மாறினால் மற்றது மாறாதோ?" என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "நாடகம் இருந்தது. ஆனா நான் பாத்தது இது இல்லை. அப்ப நான் பாதியைத்தான் பாத்திருக்கிறன், மிச்சத்தை உண்டாக்கியிருக்கிறன். எது எந்தப் பாதி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பேச்சில் ரேப்பை நிறுத்த மறந்துவிட்டேன். எழுத்துகள் முடிந்து, கொழும்பு நிலையத்தின் அறிவிப்பாளர் ஒருவர் வந்து, அடுத்து செய்தி என்று தமிழில் சொன்னார். தலையில் பூ. பட்டுச் சேலை.

ரதி அக்கா மூட்டையில் இருந்து எழுந்தார்.

"உந்த மனிசி ஏன் கறுப்பு வெள்ளையில வாறா?"

"என்னக்கா?"

"எண்பத்து மூண்டில இவ கலர்லதானே வாறவ. இவவின்ர சேலை பாக்கிறதுக்கெண்டே நாங்கள் நாலு பேர் நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் வீட்டுக் கலர் ரீவிக்கு முன்னால போய் இருக்கிறனாங்கள். இவர் நாடகம் பாக்க, நாங்கள் நாடகம் முடியிறதுக்குக் காத்துக்கொண்டு நிப்பம்."

"அப்ப நாடகம் நடக்கேக்கை நீரும் அங்க இருந்தனீரோ?" என்றார் அண்ணை.

"இருந்தனான்தான். ஆர் உந்தத் தண்ணியைப் பாத்தது? நான் சேலையைத்தான் பாத்தனான்."

நான் தலையில் கை வைத்தேன். நாடகம் பழையது, கறுப்பு வெள்ளையாக இருக்கலாம். ஆனால் அறிவிப்பாளர் அன்றைக்கு நிலையத்தில் இருந்து நேராக வந்தவர். அவருக்கும் நிறம் இல்லை என்றால், நிறம் இல்லாமல் போனது நாடகத்தில் அல்ல. ரேப்பில், அல்லது என் டெக்கில். உடனே கந்தப்போடிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அந்த நாடகம் எந்த டெக்கில பதிஞ்சது அண்ணை?"

"அது மச்சான்ட டெக் தம்பி. சவூதியில இருந்து கொண்டந்தவர். என்ட பொஞ்சாதி தங்கேஸ்வரி கலியாணத்துக்கு முதல் இங்கிலீசு படிக்க எண்டு நாடகம் பதியிறவ."

"அந்த டெக்கில ஏதும் சுவிச் இருந்ததோ?"

"பின்னுக்கு ஒரு சின்னச் சுவிச் இரிக்கும். ஒண்டையும் தொடாதீங்க எண்டு மச்சான் சொல்லிப்போட்டுத் திரும்பச் சவூதிக்குப் போய்ட்டார். மச்சான்ட சாமான், நாங்க தொடவே இல்ல."

"கலியாணமும் அதிலதான் பதிஞ்சதோ?"

"இல்ல, நாங்க குடுத்த அந்தப் பழைய ரேப்பில வீடியோக்காரன்ட டெக்கில பதிஞ்சது. அவன் எங்கள ஏமாத்திப்போட்டான் தம்பி. கலருக்கெண்டு காசு வாங்கினான், எங்கட வீட்டில போட்டா முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினொரு வருசமா தங்கேஸ்வரி அவனத் திட்டுறா."

"அண்ணை, உங்கட கலியாணம் இங்க நல்ல கலர்ல ஓடுது."

"கூறைச் சேலை என்ன கலர் தெரியிது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அரக்கு."

"தங்கேஸ்வரி!" என்று அவர் உள்ளே கத்தியது எங்கள் நான்கு பேருக்கும் கேட்டது.

விஷயம் இதுதான். வீடியோ ரேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகும். வெளிச்சத்தை வைத்துப் படம் தெரியும். நிறத்தை அழுத்திச் சுருக்கி, ரேப்பில் வேறாக எழுதிவைப்பார்கள். சுருக்குவதற்கு ஒரு முறை எங்கள் ஊரில், இன்னொரு முறை மத்திய கிழக்கில். எந்த முறையில் சுருக்கினார்களோ அதே முறையில் விரித்தால்தான் நிறம் திரும்ப வரும். மாறி விரித்தால் டெக் நிறத்தைக் கைவிட்டுப் படத்தை மட்டும் காட்டும். மச்சானின் சுவிச் சவூதி முறையில் நின்றது. பக்தியோடு ஒருவரும் தொடாததால், பதியும்போதும் பார்க்கும்போதும் அப்படியே நின்றது. அவர்கள் வீட்டில் நாடகத்துக்கு நிறம் இருந்தது, கலியாணத்துக்கு இல்லை. என் டெக் எங்கள் ஊர் முறையில் நின்றது. இங்கே கலியாணத்துக்கு நிறம் இருந்தது, நாடகத்துக்கு இல்லை.

இதை மூன்று பேருக்கும் விளக்கினேன். அன்றைக்கு ஒருவரும் வெட்டவில்லை.

என் டெக்கின் பின்பக்கம் கை விட்டுச் சுவிச்சைத் தள்ளினேன். அறிவிப்பாளர் ஒருமுறை குலுங்கினார். சேலை மயில் பச்சை ஆனது. நிறம் ஓரங்களில் கொஞ்சம் வழிந்தது, ஆனால் பச்சைதான். ரதி அக்கா வாயில் கை வைத்தார்.

"படகைப் போடட்டோ அண்ணை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போடும். நான் பாக்கேல்லை. நிலாணி, நீ பாத்துச் சொல்லு."

பின்னுக்குச் சுற்றி ஓட விட்டேன். புல் பச்சையாக இருந்தது. தொட்டிக்குள் நிழலாக இருந்ததால் முதலில் படகு கறுத்துத்தான் தெரிந்தது. நிலாணி திரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். தண்ணீர் ஏறியது. நிழலில் இருந்து படகின் முனை வெயிலுக்குள் வந்தது.

"சொல்லு பிள்ளை."

"பிரிக் மாதிரி அப்பா. பழைய பிரிக்."

"கோயில் மதில் மாதிரி இல்லையோ?"

"எனக்கு அந்த மதில் ஞாபகம் இல்லையே. இங்க கோயில் வெயர்ஹவுசுக்குள்ளதானே இருக்கு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சிவப்புத்தான் அப்பா. நல்ல சிவப்பு. கண்ணைத் திறவுங்கோ."

அவர் திறந்தார். படகு பாதி தூரம் ஏறியிருந்தது. மிச்சத்தை நால்வரும் பார்த்தோம். எந்த ஊரிலோ எவரோ ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட, தண்ணீர் தன் பாரத்தாலேயே ஒரு முழுப் படகைத் தூக்கியது. அதை ஒருவர் படம் பிடித்தார். கொழும்பில் இருந்து அது காற்றில் வந்தது. ஒரு வீட்டில் ஒருவர் பார்த்தார், இன்னொரு வீட்டில் ஒரு டெக் பதிந்தது. ரேப்பில் இருந்ததும் அவருக்குள் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. என் மாற்றும் பெட்டி விநாடிக்கு இருபத்தைந்து படங்களை வாங்கி முப்பதாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி செய்கிற வேலை எனக்குத் தெரியும். இந்த மனிதர் செய்த வேலை எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கதவு திறந்தது. அண்ணை மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த நாள் அந்த டொக்டர்?"

"செவ்வாய்க்கிழமை," என்றாள் நிலாணி. "இப்ப வேண்டாமெண்டால் நான் கான்சல் பண்ணுறன் அப்பா."

"வேண்டாம், வாறன். அடுப்பை மறந்தது மெய்தானே. பதினெட்டாம் மாடியில இறங்கினதும் மெய்தான். அதுகளைப் பாக்கட்டும்." எழுந்து சேட்டை இழுத்துவிட்டார். பிறகு திரும்ப இருந்தார். "அலெக்ஸாண்டர், தண்ணி ஏறுற இடத்தை இன்னொருக்காப் போடும்."

ரேப் தேயும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கும் பாக்கவேணும்," என்றார் ரதி அக்கா. "அப்ப மாஸ்டர் வீட்டில சேலைக்குக் காத்துக்கொண்டிருந்ததில படகைப் பாக்கேல்லை."

நிலாணி அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள். நான் பின்னுக்குச் சுற்றினேன்.